எந்த ஷிஃப்ட்?

சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட் அப்போது எங்கள் பேச்சில் தினமும் அடிபடும். ஒரகடம் பக்கமிருந்து செங்கல்பட்டுக்கு வரும் ஆம்புலன்ஸ் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடிக்க வேண்டும். மேம்பாலம் வராத காலம். கேட் விழுந்தால் இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரி, கம்பெனி பஸ், பைக் என்று அடைத்துக்கொள்ளும். நடுவில் 108 சைரன் போட்டபடி நிற்கும். ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளும்போதே, "கேட்டுல மாட்டிக்கினோம் மேடம்" என்பார் ஆம்புலன்ஸ்காரர். விபத்து நடந்த நேரம், ஆஸ்பத்திரிக்கு வந்த நேரம் இரண்டையும் பதிவேட்டில் எழுதுவோம். இடையில் போன நேரம் எங்கே போனது என்று எழுத அதில் இடமில்லை.

2011 மார்ச் மாதம் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்தேன். அதோடு இணைந்த எங்கள் மருத்துவக் கல்லூரி 1965-இல் தொடங்கியது. ஊர் அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. 2019-இல்தான் தனி மாவட்டம் ஆனது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-லேயே கார் தயாரிக்க ஆரம்பித்திருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் நோக்கியா போன்கள் வந்துகொண்டிருந்தன. ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. டெய்ம்லர் லாரி கம்பெனிக்குக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. இவை பெயர்ப்பலகை பெரிதாக உள்ள கம்பெனிகள். இவற்றுக்குச் சின்னச் சின்ன உதிரிபாகம் செய்து கொடுக்கும் வெண்டர் கம்பெனிகள் வல்லம், மாத்தூர், பண்ருட்டி என்று உள்ளே உள்ளே ஷெட் போட்டுக்கொண்டிருந்தன. எங்கள் வார்டை நிரப்பியதில் அந்த ஷெட்டுகளுக்கே பங்கு அதிகம்.

நாலரை வருடப் படிப்பு முடிந்து பாஸ் ஆனாலும் டாக்டர் ஆகிவிட முடியாது. இன்னும் ஒரு வருடம் எல்லாத் துறையிலும் சுற்றி வர வேண்டும். காகிதத்தில் இதற்கு சி.ஆர்.ஆர்.ஐ. என்று பெயர். அன்றைய விதிப்படி மருத்துவம், அறுவை, மகப்பேறு, சமூக மருத்துவம் நான்கும் இரண்டிரண்டு மாதம். குழந்தை, எலும்பு தலா ஒரு மாதம். கண், காது மூக்கு தொண்டை, விபத்துப் பிரிவு போன்றவை பதினைந்து பதினைந்து நாள். தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் ஒரு தற்காலிகப் பதிவு எண் கொடுக்கும். அந்த எண்ணோடு ஆஸ்பத்திரி கேட்டுக்கு உள்ளே டாக்டர், வெளியே வந்தால் மாணவி. உள்ளேயும் பெண்ணாக இருந்தால் சந்தேகம்தான். கழுத்தில் ஸ்டெத், மேலே வெள்ளைக் கோட்டு, கையில் கேஸ் ஷீட் எல்லாம் இருந்தாலும், "சிஸ்டர், டாக்டர் எப்ப வருவாரு?" என்று என்னிடமே கேட்பார்கள். முதல் மாதம் திருத்தினேன். பிறகு, "வந்துட்டாரு, சொல்லுங்க" என்று நாடித்துடிப்பு பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

ஹவுஸ் சர்ஜனின் வேலை என்ன என்று வீட்டில் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். காலை ஏழு மணிக்கு வார்டுக்குப் போய் இரத்தம் எடுக்க வேண்டும். பிளாஸ்டரைத் துண்டு துண்டாகக் கிழித்துக் கோட்டின் ஓரத்தில் வரிசையாக ஒட்டிக்கொள்வோம், பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டுவதற்கு. யாருக்கு ஐ.வி. லைன் வீங்கியிருக்கிறது, யாருக்குக் கதீட்டர் மாற்ற வேண்டும், யார் இரவில் ரைல்ஸ் டியூபைப் பிடுங்கிப் போட்டார் எல்லாம் சிஸ்டர் ஒரே மூச்சில் சொல்வார். ஒன்பது மணிக்கு சீஃப் ரவுண்ட்ஸ் வருவதற்குள் லேபிலிருந்து ரிசல்ட் வந்து கேஸ் ஷீட்டில் ஏறியிருக்க வேண்டும். வரவில்லை என்றால் லேபுக்கு ஓட வேண்டும். ரவுண்ட்ஸ் முடிந்ததும் டிரெஸ்ஸிங், எக்ஸ்ரே, ஸ்கேனுக்குச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி. இதில் மூளைக்கு வேலை குறைவு, காலுக்கு அதிகம். ஆனால் நாலரை வருடம் புத்தகத்தில் படித்த உடம்பு ஒன்று. விடியற்காலையில் வெயின் கிடைக்காமல் தேடும் உடம்பு வேறொன்று. அந்த இரண்டாவது உடம்பை எனக்குக் காட்டியவர்கள் புரொஃபசர்கள் அல்ல. "கையைத் தொங்கப் போடச் சொல்லு கண்ணு, தானா எழும்பும்" என்ற ஆயாம்மாவும், "ஊசியைச் சாய்ச்சுப் பிடிங்க" என்ற சிஸ்டரும்தான்.

யூனிட்டுக்கு வாரத்தில் ஒரு அட்மிஷன் நாள். அன்று காலையில் உள்ளே போனால் இரவு முழுக்க வருகிறவர்களையெல்லாம் அட்மிட் பண்ணி, மறுநாளும் வழக்கமான வேலையை முடித்துவிட்டுத்தான் ஹாஸ்டல் கட்டில். தமிழ்நாட்டில் எந்த மருத்துவக் கல்லூரியில் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்வார்கள்.

விபத்துப் பிரிவில் போஸ்டிங் வந்தபோதுதான் நேரம் என்பது எங்கள் கையில் இல்லை, கம்பெனிகளின் கையில் இருக்கிறது என்று புரிந்தது. காலை ஆறு முதல் இரண்டு, இரண்டு முதல் பத்து, பத்து முதல் ஆறு என்று மூன்று ஷிஃப்ட். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் முன்பின் இருக்கும். வந்தவாசியில் என்னோடு பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள் ஒருத்தி செல்போன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவள்தான் இந்தக் கணக்கையெல்லாம் போனில் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவள் மாதிரி பெரிய கம்பெனியில் இருந்தவர்களை பஸ் ஊருக்கே வந்து ஏற்றி இறக்கிவிடும். வெண்டர் கம்பெனியில் கான்ட்ராக்ட்டில் இருக்கும் பையன்களுக்கு பஸ் கிடையாது. ஒரு பைக்கில் மூன்று பேர். இரண்டு மணி ஷிஃப்ட் விட்டால் இரண்டரைக்கு மேல் கூட்டம்; பத்து மணி ஷிஃப்ட் விட்டால் பதினொன்றுக்கு ஒரு கூட்டம். காலை ஏழு மணிக் கூட்டம் தனி ரகம்.

நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வண்டி ஓட்டி வந்தவர்கள் அவர்கள். "என்ன நடந்துச்சுன்னே தெரியல" என்பார்கள். இந்த ஒரு வரி எங்களைப் படுத்தும். தலையில் அடிபட்டு நினைவு தப்பியவனும் இதைத்தான் சொல்வான். ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே தூங்கிப்போனவனும் இதைத்தான் சொல்வான். முதலாமவனுக்கு உடனே சி.டி. ஸ்கேன் வேண்டும். அறுவைப் பிரிவில் இருந்த பி.ஜி. அண்ணன் ஒருவர் சொல்லிக்கொடுத்தார்: "விழுந்த அடி ஞாபகம் இருக்கான்னு கேளு. தூங்குனவன் அடி விழுந்தவுடனே முழிச்சிருப்பான், ரோட்டுல யார் வந்து தூக்குனாங்கன்னு சொல்லுவான். மண்டையில அடிபட்டவனுக்கு அதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் காணாமப் போயிருக்கும்." சந்தேகம் வந்தால் ஸ்கேன்தான் என்றும் சேர்த்துச் சொன்னார். அன்றிலிருந்து பெயர், வயது, ஊர் கேட்டதும் அடுத்து நான் கேட்பது, "எந்த ஷிஃப்ட்?"

மருத்துவ வரலாற்றில் இந்தக் கேள்விக்கு ஒரு தாத்தா இருக்கிறார். இத்தாலிக்காரரான பெர்னார்டினோ ரமஸ்ஸினி 1700-இல் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி எழுதிய நூலில், நோயாளியிடம் ஹிப்பாக்ரடீஸ் கேட்கச் சொன்ன கேள்விகளோடு, நீ என்ன தொழில் செய்கிறாய் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்றார். மூன்றாம் வருடத் தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்காக நாங்கள் மனப்பாடம் செய்த பெயர். ஒரகடம் சாலையில் அவர் கேள்வி பாதிதான். தொழில் என்ன என்று யூனிஃபார்மே சொல்லிவிடும். எத்தனை மணி நேரமாக அந்தத் தொழிலில் நிற்கிறான் என்பதைக் கேட்டால்தான் தெரியும்.

கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரஸ் மெஷினில் நசுங்கிய கை பெரும்பாலும் பனியன் வேஸ்ட்டில் சுற்றப்பட்டுத்தான் வரும். மெஷின் துடைக்க வைத்திருக்கும் துணிக் கழிவு அது. எண்ணெய் வாடையோடு இருக்கும். அதைப் பிரித்து, சலைன் ஊற்றி ஊற்றிக் கழுவுவது ஹவுஸ் சர்ஜன் வேலை. உள்ளங்கை ரேகைகளில் கிரீஸ் ஏறியிருக்கும், எத்தனை கழுவினாலும் போகாது. அறுந்த விரலைச் சிலர் டிபன் பாக்ஸில் ஐஸ்கட்டி போட்டு அதன்மேல் வைத்துக் கொண்டுவருவார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஐஸ் நேராகப் பட்டால் விரலின் திசுக்கள் கெட்டுவிடும். ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். வருகிற சூப்பர்வைசர்களுக்கெல்லாம் நாங்கள் இதை வகுப்பு எடுப்போம். அதே ஆள் அடுத்த மாதம் சரியாகச் செய்து எடுத்து வந்தால், அதற்குச் சந்தோஷப்படுவதா என்று தெரியாது.

சுத்தமாக வெட்டுப்பட்ட விரலாக இருந்தால் சென்னை ஸ்டான்லிக்கு அனுப்புவோம். டாக்டர் ஆர். வெங்கடசாமி எழுபதுகளில் அங்கே வளர்த்தெடுத்த கை அறுவைப் பிரிவுக்கு நாட்டிலேயே பெயர் உண்டு. ஆனால் பிரஸ் வெட்டுவதில்லை, நசுக்குகிறது. நசுங்கிய விரலில் இரத்தக் குழாயைத் தேடிப் பிடித்துத் தைக்க முடிவது அரிது. மீதியை மூடித் தைப்பதோடு சரி.

ஒரு விடியற்காலை வந்தவன் ஒடிசாக்காரன். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. எனக்கு இருபத்து மூன்று வயது, அவனுக்கு இருபத்திரண்டு. அவன் கழுத்திலும் ஒரு அடையாள அட்டை தொங்கியது. அதில் கான்ட்ராக்டர் பெயர், கீழே 'டிரெய்னி' என்று போட்டிருந்தது. கூட வந்தவர் முந்திக்கொண்டு சொன்னார்: "ரூம்ல கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு மேடம்."

விபத்துப் பதிவேட்டை ஏ.ஆர். என்போம். காயம் எப்படி ஏற்பட்டது என்று அதில் எழுதுவது ஹவுஸ் சர்ஜன் கை. கதவு இடுக்கில் மாட்டிய விரலில் கிரீஸ் எப்படி வரும் என்று எனக்குக் கோபம். டியூட்டியில் இருந்த மேடத்திடம் போய், கம்பெனி விபத்து என்றே எழுதிவிடவா என்று கேட்டேன். அவர் தையல் போட்டுக்கொண்டே நிமிராமல் சொன்னார்: "ஏம்மா, நீ போலீஸும் இல்ல, ஜட்ஜும் இல்ல. யார் சொன்னாங்களோ அவங்க பேரைப் போட்டு எழுது. ரெண்டு பேர் ரெண்டு விதமாச் சொன்னா ரெண்டையும் எழுது. ஆனா அடிபட்டவனைக் கேக்காம எழுதாதே."

கேட்பது எப்படி? எனக்குத் தெரிந்த இந்தி "தர்த் ஹை?" என்பதோடு முடிந்துவிடும். எலும்பு வார்டில் காலில் கட்டோடு படுத்திருந்த பீகார்க்காரர் ஒருவர் ஐந்தாறு வருடமாகப் படப்பைப் பக்கம் இருப்பவர், நன்றாகத் தமிழ் பேசுவார். அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார் ஆயாம்மா. கூட வந்தவரை டீ குடிக்க அனுப்பியதும் ஆயாம்மாதான், "டீ நல்லாயிருக்கும் சார், வெளிய வலது கைப் பக்கம்" என்று வழிகாட்டி. மொழிபெயர்த்ததை அப்படியே எழுதினேன்: பிரஸ் மெஷின். இரவு ஷிஃப்ட். அதற்கு முந்தைய ஷிஃப்டும் சேர்த்துப் பார்த்தது. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்க வேண்டும். கை உள்ளே போகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. உருப்படி எண்ணிக்கை ஏற வேண்டும் என்று ஒரு பட்டன் மேல் டேப் ஒட்டி அழுத்திவைத்திருந்தார்கள். ஏ.ஆரில் 'உடன் வந்தவர் கூற்று' என்று ஒரு வரி, 'காயமடைந்தவர் கூற்று' என்று நான்கு வரி.

இந்த நான்கு வரிக்கு என்ன மதிப்பு என்று எனக்கு அப்போது தெரியாது. சட்ட மருத்துவம் எடுத்த சார்தான் பிறகு விளக்கினார். வேலையில் அடிபட்டது என்று நிரூபணம் ஆனால் ஈ.எஸ்.ஐ. உள்ளவனுக்கு அங்கே உதவித்தொகை, இல்லாதவனுக்கு 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தின் பின்னிணைப்பில் உடம்புக்கு விலைப்பட்டியல் இருந்தது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டு விரலோ 7. ஒரே கையில் இரண்டு விரல் போனால் 20. பதினான்கும் பன்னிரண்டும் இருபத்தாறு ஆயிற்றே என்று கேட்டேன். "நீ கூட்டல் கணக்குப் போடுற, சட்டம் வேற கணக்குப் போடுது" என்றார். எங்கள் உடற்கூறியல் புத்தகத்தில் ஆள்காட்டி விரலுக்கு எட்டுப் பக்கம் வந்தாலும் அது எத்தனை விழுக்காடு என்று எழுதியிருக்கவில்லை.

இது ஒரகடத்துக்கு மட்டுமான கதை என்று நான் நினைத்திருந்தேன். டெல்லிக்குப் பக்கத்தில் குருகிராம், மானேசர் வட்டாரத்தில் காயம்பட்ட தொழிலாளர்களோடு வேலை செய்யும் 'சேஃப் இன் இந்தியா' என்ற அமைப்பு 2019 முதல் வெளியிடும் அறிக்கைகளைப் பிறகு படித்தேன். அங்கேயும் வாகன உதிரிபாக வெண்டர் கம்பெனிகள், அங்கேயும் பவர் பிரஸ், அங்கேயும் விரல்கள்.

அன்று நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டப்படி வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. அதை மீறி டபுள் டூட்டி பார்த்தவனின் விரலைத் தைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை. 2011 ஜூலையில் அமெரிக்காவில் முதல் வருடப் பயிற்சி டாக்டர்கள் தொடர்ந்து பதினாறு மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது என்று விதி வந்ததை, அங்கே போகத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த சீனியர் அக்கா ஒருவர் மெஸ்ஸில் சொன்னார். 1984-இல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் லிபி சையன் என்ற பதினெட்டு வயதுப் பெண் இறந்து, பயிற்சி டாக்டர்களின் வேலைப்பளு பற்றிப் பெரிய விவாதமாகி, படிப்படியாக வந்த கட்டுப்பாடு அது. 2017-இல் அந்தப் பதினாறு மணியையும் தளர்த்திவிட்டார்கள். ஆனால் அன்று மெஸ்ஸில் கேட்ட எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பதினாறு மணிக்கு மேல் நம் கேஸ் ஷீட்டை யார் எழுதுவார்கள் என்றான் ஒருவன். களைப்பைத் தாங்குவதே தகுதி என்று எங்களுக்கு எப்படியோ ஊட்டப்பட்டிருந்தது. அதே வாயால்தான் காலையில், "தூக்கத்தோட ஏன் வண்டி ஓட்டுன?" என்று நோயாளியைக் கேட்போம். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. அந்த வாரம் முழுக்க நான் செய்தியைத் தொடர்ந்து பார்த்தேன். எனக்கு அதில் அரசியலைவிட காலை ஏழு மணிக் கூட்டம்தான் தெரிந்தது.

மகப்பேறு வார்டு இரண்டு மாதம். கத்தல், இரத்தம், பனிக்குட நீர், நடுவில் இருபத்து நான்கு மணி நேரமும் டீ. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் கொடுத்த ஆறாயிரம் ரூபாய் அந்த ஆண்டுதான் பன்னிரண்டாயிரம் ஆனது. கூடவே எங்களுக்குக் கையெழுத்துப் போடும் காகிதமும் பெருகியது. மற்றபடி லேபர் வார்டைப் பற்றி எல்லா டாக்டர்களும் எழுதியாயிற்று.

சமூக மருத்துவம் என்றால் ஹவுஸ் சர்ஜன்களுக்கு ஓய்வு மாதம் என்று பேச்சு. எனக்கு ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் விழுந்தது. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள், புதன்கிழமை தடுப்பூசி. மற்ற நாளில் காய்ச்சல், நாய்க்கடி, சர்க்கரை. நிலத்தை விற்றவர்கள் மிச்சமிருந்த மனையில் லைன் வீடு கட்டி விட்டிருந்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பத்துக்குப் பத்து அறை, எட்டுப் பேர். எட்டுப் பேருக்கு எட்டுப் பாய் தேவையில்லை. நான்கு பேர் தூங்கும்போது நான்கு பேர் ஷிஃப்டில் இருப்பார்கள்.

அந்த அறைகளிலிருந்து சிரங்கோடு வந்தார்கள். விரல் இடுக்கு, இடுப்பு, தொடை எல்லாம் சொறிந்து புண்ணாகி இருக்கும். புத்தகத்தில் சிரங்கு சுலபமான நோய். கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்க லோஷன் தடவி இரவு முழுதும் விட வேண்டும். கூட இருப்பவர்கள் எல்லோரும் ஒரே நாளில் தடவ வேண்டும். துணி, படுக்கை எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டு வெயிலில் காயவைக்க வேண்டும். நான் அழகாக எழுதிக்கொடுத்தேன். பதினைந்து நாளில் அதே ஆட்கள் அதே இடத்தைச் சொறிந்தபடி வந்தார்கள். மருந்து சரியில்லையோ என்று கிராம சுகாதார செவிலியர் அக்காவிடம் கேட்டேன். "மருந்துக்கு என்னம்மா கேடு? இவன் தடவுற ராத்திரி அவன் டூட்டில இருக்கான். அவன் காலையில வந்து இவன் பாயிலதான் படுக்குறான்" என்றார். இரவு என்று நான் எழுதிய சொல் அந்த அறையில் பாதிப் பேருக்குப் பொருந்தவே இல்லை.

அக்காதான் வழியும் கண்டுபிடித்தார். ஆயுத பூஜைக்குக் கம்பெனிகள் லீவு விடும். அன்று எட்டுப் பேரும் அறையில் இருப்பார்கள். அதற்கு முந்தைய நாள் லோஷன் பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு லைன் வீடு லைன் வீடாகப் போனோம். வீட்டுக்கார அம்மா ஒருவர் விறகடுப்பில் பெரிய அண்டா வைத்து வெந்நீர் போட்டுக் கொடுத்தார், தண்ணீருக்கு அவரிடம் தினமும் சண்டை போடும் அதே பையன்களுக்காக. கொடியில் இடமில்லாமல் வேலியிலும் புளியமரத்தடிக் கட்டிலிலும் பாய்கள் காய்ந்தன. தீபாவளிக்குள் சிரங்கு அந்த வரிசையில் அடங்கிவிட்டது. நான் படித்த சமூக மருத்துவப் புத்தகத்தில் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. 1968-இல் தொடங்கிய, லட்சக்கணக்கானோர் பங்கேற்ற பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு 'செங்கல்பட்டு ஆய்வு' என்றே உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று காட்டிய ஆய்வு. அதற்கு அடுத்தபடியாக என் மனதில் இருப்பது ஆயுத பூஜைச் சிரங்கு ஒழிப்புதான். அதை யாரும் ஆய்வேட்டில் போடவில்லை.

மழைக்காலத்தில் பாம்பு. ஏரிப் புறம்போக்கிலும் முட்காட்டிலும் மண் கொட்டி மனை போட்டதும் அங்கே இருந்தவை வேறு எங்கே போகும்? கட்டிக்கொண்டிருக்கும் ஷெட்டுகளின் காவலாளிகள்தான் அதிகம் கடிபட்டு வந்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், சொந்த ஊரில் விவசாயம் விட்டுப்போனவர்கள். கண்ணாடி விரியன் கடித்தால் இரத்தம் உறையாது. அதைக் கண்டுபிடிக்க மிக எளிய பரிசோதனை ஒன்று உண்டு. சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துப் பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் நல்லது. வழிந்து ஓடினால் விஷமுறிவு மருந்து. பிளாஸ்டிக் குழாய் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் கூடாது, இடையில் யாரும் ஆட்டிப் பார்க்கவும் கூடாது. ஆகவே ஹவுஸ் சர்ஜன் குழாய்க்குக் காவல். அட்மிஷன் நாளில் நான் நாற்காலியில் உட்கார்ந்தது பெரும்பாலும் அந்த இருபது நிமிடங்களில்தான்.

வல்லம் பக்கத்துக் காவலாளி ஒருவர் அப்படி உட்கார்ந்திருந்த என்னிடம் பேச்சுக் கொடுத்தார். அந்த மருந்து எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் இருளர்கள் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் வைத்துப் பாம்பு பிடித்து விஷம் எடுக்கிறார்கள், அதை வைத்துத்தான் கம்பெனிகள் மருந்து தயாரிக்கின்றன என்றேன். "அப்ப நம்மூரு பாம்புதான்" என்றார் திருப்தியாக. குழாயைச் சாய்த்தேன், வழிந்தது. மருந்து ஏற்றினோம். மூன்றாம் நாள், கம்பெனியில் ஆள் மாற்றிவிடுவார்கள் என்று டிஸ்சார்ஜ் கேட்டு நின்றார். சிறுநீர் அளவு சரியாகும்வரை விட முடியாது என்று சீஃப் சொல்லிவிட்டார். அவருக்காகக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். தமிழில் எழுதவா, இங்கிலீஷில் எழுதவா என்று கேட்டதற்கு, "சீல் பெருசா இருந்தாப் போதும்மா" என்றார்.

2012 மார்ச்சில் வருடம் முடிந்தது. ஒவ்வொரு துறையாகப் போய் லாக் புத்தகத்தில் கையெழுத்து வாங்கி, நூலகத்தில் பாக்கி இல்லை, ஹாஸ்டலில் பாக்கி இல்லை என்று சான்றிதழ் வாங்கி, மருத்துவ கவுன்சிலில் நிரந்தரப் பதிவு எண் பெற்றேன். என் வகுப்பில் எல்லோருக்கும் அந்த எண் கிடைத்தது. கம்பெனிகளில் அதே போல ஒரு வருடம் முடித்த பையன்களில் எத்தனையோ பேர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த கான்ட்ராக்டரின் அட்டையோடு அதே சாலையில் வேறு ஷெட்டுக்குப் போனார்கள். என் பள்ளித் தோழி வேலை பார்த்த தொழிற்சாலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. அவள் இப்போது வந்தவாசியில் தையல் கடை வைத்திருக்கிறாள். எட்டு மணிக்கு மேல் போன் எடுப்பதில்லை.

சில ஆண்டுகள் கழித்து, வேறு மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டராக இருந்தபோது எனக்கு ஒரு சம்மன் வந்தது. ஏ.ஆர். எழுதிய ஹவுஸ் சர்ஜன்களை ஊர் ஊராகத் துரத்திவரும் காகிதம் அது; எங்கள் செட்டில் பலருக்கும் வந்திருக்கிறது. ஒடிசாக்காரனின் வழக்கு. தேனாம்பேட்டையில் தொழிலாளர் துணை ஆணையர் முன்னால் விசாரணை. என் கையெழுத்தை எனக்கே காட்டி, உங்களுடையதா என்றார்கள். ஆமாம் என்றேன். வாசிக்கச் சொன்னார்கள், இரண்டு கூற்றையும் வாசித்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"விபத்தை நீங்க நேர்ல பாத்தீங்களா டாக்டர்?"

"இல்ல. அவர் சொன்னதை எழுதினேன்."

"அவர் பேசின பாஷை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. மொழிபெயர்த்தவர் பேர், வார்டு நம்பர் கீழ எழுதியிருக்கேன்."

"எந்த ஷிஃப்ட், எத்தனை மணி நேரமா வேலை பாத்தார்னு எழுதியிருக்கீங்களே, வைத்தியத்துக்கு அது எதுக்கு?"

களைப்பில் இருப்பவனுக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது கவனம் வேண்டும், கடைசியாக எப்போது சாப்பிட்டான், எப்போது தூங்கினான் என்பதெல்லாம் கேட்டே ஆக வேண்டும் என்றேன். உண்மைதான். ஆணையர் அதைத் தட்டச்சருக்குச் சொல்லிப் பதிய வைத்தார். ஒடிசாக்காரன் அன்று வரவில்லை. முந்தைய விசாரணைக்கே வந்து சாட்சி சொல்லிவிட்டு ஊருக்குப் போயிருந்தான், அங்கே சோளம் அறுக்கும் காலமாம், அவன் வக்கீல் சொன்னார். சாட்சிப் படியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்கக் கீழே இறங்கினேன்.